பாட்டு எப்பங்க ஆரம்பிக்கும்? - வரிகள் இல்லாத நீண்ட ராக் இசைக்கு ஒரு சிபாரிசு

பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் 'ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்' பாட்டை முதல்முறையாக ஒரு கோவைக்காரருக்குப் போட்டுக் காட்டினால் என்ன நடக்கும்? முதல் நிமிடம் மரியாதைக்காகப் பொறுமையாக இருப்பார். இரண்டாவது நிமிடம் மெதுவாக செல்போனை எடுப்பார். நாலாவது நிமிடம் தாங்க முடியாமல் கேட்டே விடுவார்: "ஏனுங்க, பாட்டு எப்பங்க ஆரம்பிக்கும்?"

நியாயமான கேள்விதான். அந்தப் பாட்டில் முதல் வார்த்தை வருவதற்கு எட்டரை நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அதற்குள் தமிழ் சினிமாவில் இரண்டு பாட்டு முடிந்து, கதாநாயகனும் கதாநாயகியும் சுவிட்சர்லாந்திலிருந்து பொள்ளாச்சிக்கே திரும்பி வந்திருப்பார்கள்! ஆனால் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் ஒன்றுதான். "பாட்டு ஆரம்பிச்சு நாலு நிமிஷம் ஆச்சுங்க."

பாட்டு என்றால் வரி, வரி என்றால் கவிஞர், குரல் என்றால் பாடகர் என்று பழகிவிட்ட காதுக்கு இந்தப் பதில் புரிவது கொஞ்சம் சிரமம். ஆனால் கொங்கு நாட்டுக் காதுக்கு அந்தச் சிரமம் வரவே கூடாது. ஏன் என்று பார்க்கலாம்.

அது என்ன புரோகிரசிவ் ராக்?

1960-களின் கடைசியில் இங்கிலாந்தில் சில இளைஞர்களுக்கு மூன்று நிமிடப் பாட்டு சலித்துப் போனது. கிடார், பேஸ், டிரம்ஸ், கீபோர்டு என்று ராக் இசைக்கருவிகளையே வைத்துக்கொண்டு, மேற்கத்திய செவ்வியல் இசையின் நீளத்தையும் ஜாஸ் இசையின் சுதந்திரத்தையும் அதற்குள் கொண்டுவரப் பார்த்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் புரோகிரசிவ் ராக். பிங்க் ஃப்ளாய்ட், கிங் கிரிம்சன், யெஸ், ஜெனிசிஸ், கேமல் என்று ஒரு பட்டாளமே கிளம்பியது. கனடாவிலிருந்து ரஷ் வந்தது.

இதற்குத் தொழில்நுட்பமும் ஒரு காரணம். பழைய 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான் பதிய முடியும். பாட்டின் நீளத்தை முடிவு செய்தது கலைஞன் இல்லை, தட்டுதான். எல்.பி. ரெக்கார்டு வந்தபிறகு ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்தது. கிடைத்த இடத்தில் ஐந்து சின்னப் பாட்டுகளை அடுக்கியவர்கள் பல பேர். ஒரே பாட்டை வைத்தவர்கள் இவர்கள்.

அந்த 20 நிமிடம் முழுக்கவும் ஒருவரால் பாடிக்கொண்டே இருக்க முடியாது. எனவே கருவிகள் பேச ஆரம்பித்தன.

கொங்கு நாட்டுக்கு இது புதுசா?

கொங்குப் பக்கத்து மாரியம்மன் நோம்பியை எடுத்துக்கொள்ளலாம். கம்பம் நட்டதும் ராத்திரியானால் மேளம் தொடங்கும். கம்பத்தைச் சுற்றி ஊரே ஆடும். மெதுவாக ஆரம்பிக்கும் அடி கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, மாறி, ஒரு கட்டத்தில் ஆடுகிறவன் தன்னை மறக்கிற இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தும். அங்கே யாராவது "பாட்டு எப்பங்க ஆரம்பிக்கும்" என்று கேட்டதுண்டா? ஜமாப்பு மேளம் அடிக்கும்போது வரி எங்கே என்று தேடியவர் உண்டா? மேளம்தான் பாட்டு என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

நீளத்துக்கும் இந்த ஊர் பயந்தது கிடையாது. பொன்னர் சங்கர் கதையாகிய அண்ணன்மார் கதையை உடுக்கடித்து விடிய விடியப் பாடுவார்கள். 1965-ல் காங்கயம் வட்டாரத்தில் தங்கியிருந்த பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆய்வாளர் அந்தக் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தபோது, அது முடிவதற்குப் பல இரவுகள் ஆயின. (அதில் வரி உண்டு, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் பொறுமைக்கு அது சாட்சி.) அத்தனை இரவுகள் உட்கார்ந்து கேட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு 23 நிமிடம் நீளமாகத் தெரிகிறது என்றால், குறை காதில் இல்லை, பழக்கத்தில்.

கோயில் இசைக்கு வந்தால், சாமி புறப்பாட்டில் நாகசுரக்காரர் வாசிக்கும் மல்லாரியில் ஒரு சொல் கூட கிடையாது. பெரும்பாலும் கம்பீரநாட்டை ராகம், தவிலோடு சேர்ந்து மேலே மேலே போகும். வரி இல்லாமல், சத்தமாக, நீளமாக, ஒரு கூட்டத்தையே நடக்க வைக்கிற இசை! திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடி ராகத்தை மணிக்கணக்கில் ஆலாபனை செய்ததை இன்றும் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். ஆலாபனையில் வரி ஏது?

இன்னொரு சாட்சி, கொஞ்சம் வேடிக்கையானது. கோவையில் ஒரு மோட்டார் பம்ப் பட்டறைக்குப் போனால், ஓடுகிற மோட்டாரின் சத்தத்தை வைத்தே "பேரிங் போயிருச்சுங்க" என்று சொல்லிவிடுகிற மெக்கானிக் இருப்பார். பஞ்சாலையில் வேலை பார்த்தவருக்கு எந்த மிஷின் சரியாக ஓடுகிறது, எது இழுக்கிறது என்று சத்தத்திலேயே தெரியும். ஆலைச் சங்கு ஊதி ஷிப்ட் மாறிய சிங்காநல்லூரில் ஊரின் கடிகாரமே ஒரு சத்தமாகத்தான் இருந்தது. வார்த்தை இல்லாத ஒலியிலிருந்து அர்த்தம் எடுக்கிற காது இது. அந்தக் காதை இசைக்கும் கொஞ்சம் திருப்பினால் போதும்.

கணக்கு ஒன்றுதான்

புரோகிரசிவ் ராக்கைக் கேட்டுவிட்டு வெள்ளைக்காரர்கள் பலர் மிரள்வது அதன் தாளக் கணக்கைப் பார்த்துத்தான். அவர்களுடைய சாதாரணப் பாட்டில் எல்லாம் நான்கு, நான்காகப் போகும். இதிலோ ஐந்து, ஏழு, பதின்மூன்று என்று வரும்.

தமிழ்நாட்டில் இதற்கு மிரள வேண்டியதே இல்லை. பிங்க் ஃப்ளாய்டின் 'மனி' (1973) பெரும்பகுதி 7-ன் கணக்கில் ஓடுகிறது. மிஸ்ர சாபு போட்டுப் பழகிய பாட்டு வாத்தியாருக்கு அது தண்ணீர் பட்ட பாடு. ரஷ் குழுவின் 'ஒய்.ஒய்.ஸீ.' (1981) இன்னும் சுவாரசியமானது. ஒய்.ஒய்.ஸீ. என்பது டொராண்டோ விமான நிலையத்தின் குறியீடு. அந்த மூன்று எழுத்தின் மோர்ஸ் தந்தி ஒலியையே தாளமாக்கி 10-ன் கணக்கில் ஆரம்பிக்கிறார்கள். டொராண்டோவில் வாழும் ஆயிரக்கணக்கான ஈழத்தமிழர்களின் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் அந்த மூன்று எழுத்துக்குள் ஒரு தாளம் ஒளிந்திருப்பது எத்தனை பேருக்குத் தெரியுமோ...

தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரரும் கடக்காரரும் மாறி மாறிக் கணக்குப் போட்டு, கடைசியில் ஒரே இடத்தில் வந்து விழும்போது சபையில் ஒரு "ஆஹா" எழுமே, அதே சந்தோஷம்தான் இங்கேயும். கருவி வேறு, ஊர் வேறு, அவ்வளவுதான்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

நீச்சல் பழகுகிறவனைக் கிணற்றின் நடுவில் தூக்கிப் போடக் கூடாது. எனவே சுலபமானதிலிருந்து கடினமானதுக்கு ஒரு வரிசை:

1. கேமல் - 'தி ஸ்னோ கூஸ்' (1975). முழு ஆல்பமும் ஒரே கதை, 40 நிமிடத்துக்கு மேல், ஒரு பாடல் வரி கூட இல்லை. பால் காலிகோ எழுதிய ஒரு குறுநாவல்தான் அடிப்படை. அடிபட்ட ஒரு பனி வாத்து, தனியாக வாழும் ஓர் ஓவியன், ஒரு சிறுமி, பின்னால் டன்கர்க் போர். புல்லாங்குழலும் கிடாரும் மென்மையாகப் பேசிக்கொள்ளும். இளையராஜாவின் பின்னணி இசையை ரசிப்பவர்களுக்கு முதல் நாளே பிடித்துவிடும்.

2. பிங்க் ஃப்ளாய்ட் - 'ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்' (1975). ஒன்பது பகுதிகள், மொத்தம் சுமார் 26 நிமிடம், ஆல்பத்தின் தொடக்கத்திலும் முடிவிலுமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மனநிலை பாதிக்கப்பட்டு 1968-ல் குழுவை விட்டுப் பிரிந்த சிட் பாரெட்டை நினைத்துச் செய்தது. ஆல்பத்தின் வேலை நடந்துகொண்டிருந்த ஒரு நாள் பாரெட்டே ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டார். தலையும் புருவமும் மழித்து, உடம்பு பெருத்து நின்ற அவரைப் பழைய நண்பர்களுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. இதைத் தெரிந்துகொண்டு கேட்டால், டேவிட் கில்மோரின் அந்த நான்கு சுர கிடார் ஒலி யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுவது போலவே இருக்கும்.

3. மைக் ஓல்ட்ஃபீல்ட் - 'ட்யூபுலர் பெல்ஸ்' (1973). வெளிவந்தபோது இவருக்கு வயது 20. ஏகப்பட்ட கருவிகளில் பெரும்பாலானவற்றைத் தானே வாசித்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்தார். வர்ஜின் நிறுவனத்தின் முதல் ஆல்பம் இதுதான். 'தி எக்ஸார்சிஸ்ட்' பேய்ப் படத்தில் இதன் தொடக்கம் வந்ததால் பலருக்கு இது பேய் இசை! படத்தை மறந்துவிட்டுக் கேட்பது நல்லது. முதல் பக்கத்தின் கடைசியில் ஒவ்வொரு கருவியாகப் பேர் சொல்லி அழைக்க, அது வந்து சேர்ந்துகொள்ளும் இடம் திருவிழாக் கூட்டம் சேருவது போல இருக்கும்.

4. பிங்க் ஃப்ளாய்ட் - 'எக்கோஸ்' (1971). இருபத்து மூன்றரை நிமிடம், ரெக்கார்டின் ஒரு பக்கம் முழுவதும். கிணற்றுக்குள் சொட்டுத் தண்ணீர் விழுவது போல ஒரே ஒரு பியானோ ஒலியில் ஆரம்பிக்கும். அதே 1971-ல் இத்தாலியின் பாம்பேய் இடிபாடுகளில், பார்வையாளர் யாரும் இல்லாத பழைய அரங்கத்தில் இதை வாசித்துப் படம் பிடித்தார்கள். கைதட்ட ஆள் இல்லாத கச்சேரி. முடிந்தால் அதைப் பார்த்தபடியே கேட்கலாம்.

5. கிங் கிரிம்சன் - 'ஸ்டார்லெஸ்' (1974). பன்னிரண்டு நிமிடம் சொச்சம். முதல் மூன்றில் ஒரு பங்கு சோகமான பாட்டு. அதற்குப் பிறகு வரி கிடையாது. ராபர்ட் ஃபிரிப் ஏறக்குறைய ஒரே சுரத்தையே கிடாரில் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருப்பார். கீழே தாளம் 13-ன் கணக்கில் நகரும். சுரம் மிக மெதுவாக மேலே ஏறும். எப்போது உடையும், எப்போது உடையும் என்று மூச்சைப் பிடித்துக் காத்திருந்தால்... உடையும்! இந்த ஆல்பம் கடைக்கு வருவதற்குள் குழுவே கலைந்துவிட்டிருந்தது.

6. ரஷ் - 'லா வில்லா ஸ்ட்ராஞ்சியாட்டோ' (1978). மூன்றே பேர், ஒன்பதரை நிமிடம், 12 பகுதிகள். கிடார் வாசிக்கும் அலெக்ஸ் லைஃப்சனின் கெட்ட கனவுகள்தான் கரு. டிரம்ஸ் கற்பவர்கள் நீல் பியர்ட்டின் கைகளுக்காகவே பத்து தடவை கேட்பார்கள். 2020-ல் அவர் மறைந்தபோது உலகம் முழுக்க டிரம்ஸ்காரர்கள் துக்கம் கொண்டாடியது சும்மா இல்லை.

7. டிரீம் தியேட்டர் - 'தி டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி' (1999). ஆறு நிமிடம்தான். ஆனால் அதற்குள் தாளக்கணக்கு 100 தடவைக்கு மேல் மாறுகிறது. இஞ்சினியரிங் மாணவர்களுக்கு அரியர் பேப்பர் போல... முதல் தடவையிலேயே தேறுகிறவர் குறைவு.

பக்கத்திலேயே இருக்கும் பாலங்கள்

இங்கிலாந்து வரை போகத் தயக்கமாக இருந்தால் வீட்டுப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' 1986-ல் வந்தது. தியாகராஜருக்கும் பாஹ்குக்கும் சமர்ப்பணம். வி.எஸ்.நரசிம்மனின் வயலின் ஒரு பக்கம் கர்நாடக இசையிலும் மறுபக்கம் மேற்கத்திய இசையிலும் கால் வைத்து நிற்கும். 1988-ல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு 'நத்திங் பட் விண்ட்' வந்தது. இரண்டும் ராக் இசை ஆகாது. ஆனால் வரி இல்லாமல் தமிழ்க் காதைக் கட்டிப்போட முடியும் என்று நிரூபித்தவை. அதே இளையராஜா 2025 மார்ச் 8-ம் தேதி லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றியபோது தமிழ்நாடே பெருமைப்பட்டது. பெருமைப்பட்டவர்களில் எத்தனை பேர் அந்த இசையை முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து கேட்பார்கள் என்பதுதான் கேள்வி.

ஜான் மெக்லாஃப்லின் என்ற ஆங்கிலேய கிடார் கலைஞர் 'மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா'வில் இடி முழக்கம் செய்துவிட்டு, பிறகு 'சக்தி' குழுவை ஆரம்பித்தார். எல்.சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம். 1975-ல் மேடையில் பதிவான 'ஜாய்' 18 நிமிடப் பாய்ச்சல். மின்சார கிடார் இல்லாமலேயே ராக் கச்சேரியின் வேகம் அதில் இருக்கிறது. 2024-ல் சக்தி குழு கிராமி விருது வாங்கியபோது விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் அதில் இருந்தார். அதே ஆண்டு டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்தார்.

பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கொச்சி. அங்கிருந்து வந்த மதர்ஜேன் குழுவின் 'மக்தூப்' (2008) ஆல்பத்தில் பைஜு தர்மஜனின் கிடார் கமகம் பேசும். கிடாரில் இப்படியும் வளைக்க முடியுமா என்று தோன்றும்.

"இதெல்லாம் பந்தாங்க"

இந்த இசைக்கு எதிராகச் சொல்லப்படும் குற்றச்சாட்டுகளில் பாதி உண்மை இருக்கிறது. 'திறமையைக் காட்டுவதற்காகவே வாசிக்கிறார்கள்' என்பது முதலாவது. 1970-களின் பிற்பகுதியில் பங்க் ராக் இளைஞர்கள் கிளம்பி வந்ததே இந்த நீளத்தின் மேல் வந்த எரிச்சலிலும்தான். ரஷ் குழுவே தங்கள் பாட்டுக்கு 'சுயதிருப்திக்கான ஒரு பயிற்சி' என்ற பொருளில் துணைத்தலைப்பு வைத்துத் தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொண்டார்கள். நீளமாக இருப்பதாலேயே ஒரு பாட்டு நல்ல பாட்டு ஆகிவிடாது. சும்மா இழுக்கிற பாட்டுகள் இந்த வகையில் ஏராளம்.

தரம் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. பாட்டு முடிந்ததும் மறுபடி முதல் ஒரு நிமிடத்தைக் கேட்க வேண்டும். முதலில் கேட்டபோது இருந்த அர்த்தம் இப்போது மாறியிருந்தால் அந்த நீளம் தேவையான நீளம். மாறவில்லை என்றால் இழுவை. 'ஸ்டார்லெஸ்' இந்தப் பரீட்சையில் சுலபமாகத் தேறும்.

'நேரம் எங்கேங்க இருக்கு' என்பது இரண்டாவது. சிங்காநல்லூரில் பஸ் ஏறி, திருச்சி ரோடு நெரிசலில் ஊர்ந்து, காந்திபுரம் போய்ச் சேர்வதற்குள் 'எக்கோஸ்' முழுவதும் முடிந்துவிடும். (தனியார் பஸ்சாக இருந்தால் டிரைவர் போடும் பாட்டோடு போட்டி போட நல்ல இயர்போன் தேவை.) அதே அரை மணியில் ரீல்ஸ் தள்ளினால் நூறு பாட்டின் நூறு துண்டுகள் காதில் விழும். இறங்கும்போது ஒன்று கூட நினைவில் இருக்காது.

இதில் இழப்பு யாருக்கு?

ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகளில் ஒரு பாட்டை 30 வினாடி கேட்டாலே ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. இரண்டு நிமிடப் பாட்டுக்கும் 23 நிமிடப் பாட்டுக்கும் அதே ஒரு கணக்குதான். அப்புறம் எந்தக் கலைஞன் நீளமாக வாசிப்பான்? அன்று 78 சுற்று இசைத்தட்டு செய்த வேலையை இன்று செயலி செய்கிறது. தட்டுக்காவது வேறு வழியில்லை, இடம் கிடையாது. செயலியில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் கேட்பவரின் பொறுமைக்குத்தான்.

இது ஏதோ வெள்ளைக்காரக் குழுக்களின் பிரச்சினை என்று விட்டுவிட முடியாது. அவர்கள் ஏற்கெனவே சம்பாதித்துவிட்டார்கள். வார்த்தை இல்லாத இசையைக் கேட்கும் பழக்கம் போனால் முதலில் அடிபடுவது உள்ளூர் கலைஞன்தான். திருச்சி ரோட்டில் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் பார்க்கலாம். ஓரமாக உட்கார்ந்து நாகசுரக்காரர் ஒரு ராகத்தை விரிக்க ஆரம்பிப்பார். அவர் முன்னாலேயே நின்று பத்துப் பேர் நிலத்து விலை பேசுவார்கள். கெட்டிமேளத்துக்கு மட்டும் விரலை ஆட்டுவார்கள். இடையில் யாராவது வந்து "ஏதாவது சினிமாப் பாட்டு வாசிங்க" என்பார்கள். வருஷக்கணக்கில் பயின்ற வித்தை, 'பாட்டு தெரியுது' என்று நாலு பேர் தலையாட்டுவதற்குச் சுருங்கிவிடுகிறது. ஜமாப்பு அடிக்கும் கைகளுக்கும் இதே கதைதான். சத்தம் வேண்டும், கவனம் கிடையாது.

வரி இருந்தால்தான் பாட்டு என்று நினைக்கிற ஊரில், வரி இல்லாமல் வாசிக்கிறவன் வெறும் சத்தக்காரன் ஆகிவிடுகிறான். அவன் பிள்ளை அந்தத் தொழிலுக்கு வர மாட்டான். வராததற்கு அவனைக் குறை சொல்லவும் முடியாது.

எனவே 'எக்கோஸ்' கேட்பதால் வெள்ளைக்கார இசை அறிவு வளரும் என்பது இங்கே பேச்சே இல்லை. அது ஒரு உடற்பயிற்சி. 20 நிமிடம், வேறு வேலை எதுவும் செய்யாமல், ஒரு கருவி சொல்வதைக் கடைசிவரை கேட்கும் பயிற்சி. கில்மோரின் கிடாரில் அந்தப் பழக்கம் வந்துவிட்ட காது, மண்டபத்து ஓரத்தில் ஒரு தோடி ஆரம்பித்தால் தானாகவே அந்தப் பக்கம் திரும்பும். நிலத்து விலை பந்தியில் பேசிக்கொள்ளலாம். ராகம் முடியும்வரை நின்று கேட்டுவிட்டு, போகும்போது அந்த நாகசுரக்காரரிடம் "நல்லா வாசிச்சீங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அன்றைய கல்யாணத்தில் அவர் காதில் விழுந்த முதல் பாராட்டு அதுவாகவே இருக்கக்கூடும்.